வீட்டிலிருந்து பக்கம் கட்டுகிறவர் எதை, யாரிடம் கற்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே சென்னைப் பதிப்பகங்களுக்கு மூன்று ஆண்டுகளாகப் புத்தக லே-அவுட் (பக்க வடிவமைப்பு) செய்து கொடுக்கிறார் ஒரு சகோதரி. வேலை வருகிறது, ஆனால் பக்கக் கூலி ஏறவே இல்லை. ஆன்லைனில் ஒன்பது கோர்ஸ் வாங்கி வைத்திருக்கிறார், ஒன்றையும் முடிக்கவில்லை. இப்போது 38,000 ரூபாய்க்கு ஆறு மாத 'டிஜிட்டல் பப்ளிஷிங்' பயிற்சி ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். "சேரட்டுமா, இல்லை நானே கற்றுக்கொள்ளலாமா? எங்களைப் போல ஃப்ரீலான்ஸாக வேலை பார்ப்பவர்களுக்குத் தானே கற்பதால் உண்மையிலேயே பலன் உண்டா?" என்று கேட்கிறார்.

நான் 2002இல் மதுரையில் ஒரு டிடிபி சென்டரில் வேலைக்குச் சேர்ந்தவன். 2007 முதல் வீட்டில்தான் வேலை. நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பதில். பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். நீங்களே கற்க முடியும், கற்றே தீரவேண்டிய தொழிலும் இது. ஆனால் 'நானே கற்பது' என்பதை, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வீடியோ பார்ப்பது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உங்கள் ஒன்பது கோர்ஸும் நின்றுபோனது அங்கேதான்.

சென்டரில் இருந்த ஐந்து ஆண்டுகளில் எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் தினமும் ஏதாவது கற்றேன். பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒரு ஷார்ட்கட்டை அழுத்தும்போது கண்ணால் பார்த்துத் திருடிக்கொள்வேன். மெய்ப்புப் பார்க்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சிவப்புப் பேனாவோடு வருவார். பத்தியின் கடைசிச் சொல் மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்திருந்தால் ஒரு வட்டம். வரி ஒற்றெழுத்தில் தொடங்கினால் இன்னொரு வட்டம். மேற்கோள்குறி திரும்பியிருந்தால் வட்டமும் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் காட்டுவார். அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது. 2007இல் வீட்டுக்கு வந்த பிறகு அந்த வட்டங்கள் நின்றுபோயின. தவறுகள் அப்படியேதான் இருந்தன, வட்டம் போட ஆள்தான் இல்லை.

அதன் விலை எனக்கு 2009இல் தெரிந்தது. சென்டர் காலத்திலிருந்தே பழக்கமான ஒரு பதிப்பகம், நான் லே-அவுட் செய்த சிறுகதைத் தொகுப்பிலிருந்து ஒரு கதையை இணையதளத்தில் போட வேண்டும் என்று பேஜ்மேக்கர் (பக்கம் கட்ட நாங்கள் பயன்படுத்திய மென்பொருள்) ஃபைலைக் கேட்டது. அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. "எழுத்தே வரலியே, எல்லாம் கொக்கியும் கோடுமா இருக்கே." நான், "அந்த ஃபாண்ட்டை இன்ஸ்டால் பண்ணுங்க சார், சரியா வந்துடும்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "படிக்கிறவங்க எல்லாரும் இன்ஸ்டால் பண்ணுவாங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சண்டை இல்லை, கோபமும் இல்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு புத்தகம்கூட எனக்கு வரவில்லை. புத்தகக் காட்சியில் அவர்களுடைய புது நூலை எடுத்து, விவரப் பக்கத்தில் வடிவமைப்பு என்ற இடத்தில் வேறு பெயரைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அலுவலகத்தில் வேலை தெரியாவிட்டால் மேலாளர் திட்டுவார், பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தருவார். தனியாக வேலை செய்பவருக்கு என்ன தெரியவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் சத்தமில்லாமல் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார், அதற்குள் நாம் ஆண்டுக்கணக்கில் பின்தங்கியிருப்போம். தானே கற்பது நமக்கு ஏன் சோறு போடும் விஷயம் என்று கேட்டால் இந்தக் காரணத்தைத்தான் சொல்வேன்.

இது என் ஒருவனுடைய மனக்குறை இல்லை. நடாலியா இமானுவல், எம்மா ஹாரிங்டன், அமண்டா பாலைஸ் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டார்கள். சில குழுக்கள் முழுக்க ஒரே கட்டடத்தில் இருந்தன, சில குழுக்கள் இரண்டு கட்டடங்களில் பிரிந்திருந்தன. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் பார்த்துக் கருத்து எழுதுவது கணினியிலேயே நடக்கும் வேலை, நேரில் பார்க்கத் தேவையே இல்லை. அப்படியிருந்தும் ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகமான கருத்துகள் கிடைத்திருக்கின்றன. கோவிட் வந்து எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் பெருமளவு மறைந்துவிட்டது. அதிகம் இழந்தவர்கள் இளையவர்கள். மூத்தவர்களோ, சொல்லித்தரும் வேலை குறைந்ததால் தங்கள் சொந்த வேலையை அதிகம் முடித்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னோர் ஆய்வை நான் படித்ததில்லை.

சரி, 2009க்குத் திரும்புகிறேன். அந்தப் பதிப்பகம் போன பிறகு, 'எழுத்து ஏன் கொக்கியாக வந்தது' என்ற ஒரே கேள்வியோடு உட்கார்ந்தேன். பாடத்திட்டம், சான்றிதழ் எதுவும் கிடையாது. கிடைத்த கட்டுரைகளையெல்லாம் இரவில் படித்தேன். கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது.

புரிந்தது இது. நாம் பேஜ்மேக்கரில் பயன்படுத்திய தமிழ் ஃபாண்ட்டுகள் எல்லாம் ஒரு வேடம். கணினியின் கணக்கில் அங்கே இருப்பது ஆங்கில எழுத்துகளும் வேறு ஐரோப்பியக் குறிகளும்தான். அவற்றின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். ஃபாண்ட் போனால் வேடம் கலைந்துவிடும். அதிலும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக இடம் ஒதுக்கியிருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது, டாம், டாப் என்ற குறியீட்டு முறைகள் வந்தன. பிறகு 2010 ஜூனில் தமிழக அரசு, ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினியிலும் ஒரே எண் தரும் யூனிகோடையும், தமிழுக்கென்றே வகுத்த டேஸ்16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது. பேஜ்மேக்கரோ 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன மென்பொருள், அதற்கு யூனிகோடே தெரியாது. நான் என் பிழைப்பு முழுவதையும் ஓர் இறந்த மென்பொருள் மீது கட்டி வைத்திருந்தேன். அதை எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

இன்னொன்றும் புரிந்தது, அதுதான் இன்றுவரை சம்பாதித்துத் தருகிறது. தட்டச்சுப் பொறியில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் 'க'. பழைய ஃபாண்ட்டுகளும் கண்ணுக்குத் தெரிகிற அந்த வரிசையிலேயே சேமித்தன. யூனிகோடு நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் 'க', பிறகு எகரக் குறி. திரையில் கொம்பை முன்னால் இழுத்துவந்து காட்டுவது ஃபாண்ட்டும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. இந்த ஒன்று விளங்கியதும், அதுவரை தனித்தனி நோயாகத் தெரிந்த பல தொல்லைகளுக்கு வேர் ஒன்றுதான் என்று தெரிந்தது. பழைய ஃபைலை மாற்றியபோது கொம்பு அடுத்த எழுத்தில் ஏறிக்கொள்வது, தேடினால் சொல் அகப்படாமல் போவது, இப்போது பக்கம் கட்டப் பயன்படுத்தும் இண்டிசைன் மென்பொருளில் ஒட்டியதும் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறுவது எல்லாம் இதே குடும்பம்.

சிதறுவதற்கு மருந்து, பாராகிராஃப் பேனலில் வேர்ல்டு-ரெடி கம்போஸர் என்ற, எழுத்துகளைச் சரியாகக் கோத்து வரியாக்கும் வசதியைத் தேர்ந்தெடுப்பது. 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து இந்திய மொழிகளுக்காக அது இண்டிசைனில் இருக்கிறது. இரண்டு நிமிட வீடியோவில் இதைக் காட்டிவிடுவார்கள், பார்த்துச் செய்துவிடலாம். ஆனால் ஏன் சிதறுகிறது என்று தெரிந்தவர், நாளைக்கு வேறொரு மென்பொருளில் சிதறினாலும் எந்தப் பக்கம் போய்த் தேட வேண்டும் என்று அறிவார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது மென்பொருளோடு போய்விடும். காரணம் கூட வரும். நீங்கள் எதைக் கற்றாலும் இந்த இரண்டில் எது கைக்கு வந்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கோயில்கள் பற்றிய ஒரு நூலுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் வரும் பட்டியல்) தயாரித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கம் இரண்டு இடத்தில் வந்து நின்றது, பாதிப் பக்க எண்கள் ஓரிடத்தில், மீதி இன்னோரிடத்தில். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. பார்த்தால், 'ஸ்ரீ' என்பதை யூனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் புதிதாகச் சேர்த்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பெரும்பாலான ஃபாண்ட்டுகளில் இரண்டும் ஒரே உருவம். எந்த விசைப்பலகையில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே நூலுக்குள் இரண்டும் கலந்து கிடந்தன. இதைச் சரிசெய்து, இனி எல்லா நூலிலும் இதைக் கவனிக்க வேண்டும் என்று பதிப்பாசிரியருக்கு ஒரு குறிப்பும் அனுப்பினேன். அந்தக் குறிப்புக்காகவே அடுத்த மூன்று ஆய்வு நூல்கள் என்னிடம் வந்தன. இதை எந்தக் கோர்ஸும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. தமிழ்ப் புத்தகம் பண்ணுகிற நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதல் வேலை, அந்தச் சிவப்பு வட்டங்களைத் திரும்பச் சம்பாதிப்பது. அச்சான உங்கள் புத்தகத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள், கூலியின் ஒரு பகுதியாகவே கேளுங்கள். பென்சிலோடு உட்கார்ந்து நீங்களே பாருங்கள். திரையில் தெரியாதது தாளில் தெரியும். நடு ஓரம் குறைவாக இருந்தால் வரியின் கடைசி எழுத்துகள் தையலுக்குள் போய் ஒளிந்துகொள்வதைத் தாளில்தான் பார்க்க முடியும். கடைசி மெய்ப்பில் பதிப்பாசிரியர் திருத்திய பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். பலரும் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள், ஏனென்றால் இதுவரை யாரும் அவர்களிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) எடுக்கும் ஊழியர். உங்களுடைய பிடிஎஃப்பில் என்ன தொல்லை இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். பதிப்பகத்தின் அனுமதியோடு அவரிடம் ஐந்து நிமிடம் போனில் பேசுங்கள். நான் முதல்முறை பேசியபோது, "உங்க ஃபைல்ல எழுத்தோட கறுப்பு நாலு கலர்லயும் விழுதுண்ணே, ஒவ்வொரு வாட்டியும் நாங்கதான் மாத்திக்கிறோம்" என்றார். ஆர்ஜிபி கறுப்பில், அதாவது அச்சுக்கல்ல, திரைக்கான நிறக் கணக்கில், வேர்டிலிருந்து வந்த எழுத்தை நான் அப்படியே விட்டிருக்கிறேன். நான்கு பிளேட் மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். எத்தனை ஆண்டுகளாக அந்த அச்சகம் எனக்காகச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த ஐந்து நிமிடத்தில், பிளீடுக்கு (வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்கப் பக்க எல்லைக்கு வெளியே நீட்டும் பகுதி) 3 மில்லிமீட்டர் ஏன் விட வேண்டும், முதுகின் அகலத்தைத் தாளின் தடிமன் தெரியாமல் ஏன் முடிவு செய்யக் கூடாது என்பதையும் சொல்லித்தந்தார். அவரைத்தான் என் இரண்டாவது ஆசிரியர் என்று சொல்லிக்கொள்கிறேன்.

38,000 ரூபாய் உங்களிடம் இருந்தால், அதில் சில ஆயிரத்தை எடுத்து நல்ல மெய்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் முடித்த ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கடுமையாக விமர்சிக்கச் சொல்லுங்கள். உரையை அல்ல, பக்கத்தின் அமைப்பை. அந்த ஒரு பிரதியில் உங்களுக்கு ஆறு மாதத்துக்கான பாடத்திட்டம் கிடைத்துவிடும், அதுவும் உங்கள் தவறுகளிலிருந்து மட்டுமே எடுத்தது.

கோர்ஸ்களை முடிக்காததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ் தளத்தின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் சயன்ஸ் இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. 2017-18இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். பணம் கட்டினால் ஊக்கம் கொஞ்சம் வருகிறது என்பது உண்மை, ஆனால் அவர்களிலும் பாதிக்கு மேல் நடுவிலேயே இறங்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நீங்களோ ஒன்பது தடவை பணம் கட்டிப் பார்த்துவிட்டீர்கள்.

வீடியோ பார்க்கும் விதத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைச் சிலர் நான்கு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், 83க்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, மூடிவிட்டு எழுதியவர்களுக்கு 61. வீடியோ பார்க்கும்போது 'ஆமா, புரிஞ்சுது' என்று தோன்றுகிறதே, அது அந்த ஐந்து நிமிடத் தெளிவு. ஆகவே பத்து நிமிடம் பாருங்கள், மூடுங்கள், உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் நகலில் பார்க்காமல் செய்யுங்கள். தடுமாறும் இடத்தில் மட்டும் திரும்பப் போங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் கையில் நிற்கும்.

கையில் இருக்கும் புத்தகம் என்று சொன்னதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எதைக் கற்பது என்பதை உங்கள் தற்போதைய வேலை தீர்மானிக்கட்டும். எனக்கு ஒரு நோட்டு உண்டு. வேலை செய்யும்போது 'இதைக் கையால் செய்கிறேனே, வேறு வழி இருக்குமோ' என்று தோன்றும் ஒவ்வொன்றையும் அதில் ஒரு வரியாக எழுதிவிடுவேன். வேலையை அப்போது நிறுத்த மாட்டேன். சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் அந்த நோட்டுக்கு. ஒரு ஆய்வு நூலில் 600க்கும் மேற்பட்ட அடிக்குறிப்பு எண்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து மேலெழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் வேலை. நோட்டில் எழுதினேன். அந்தச் சனிக்கிழமை இண்டிசைனின் கிரெப் ஸ்டைல் (ஒரே அமைப்பில் வரும் எழுத்துகளைத் தானே கண்டுபிடித்து வடிவம் மாற்றும் வசதி) பற்றிப் படித்தேன். அடுத்த ஆய்வு நூலில் அதே வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

உண்மையிலேயே பலன் உண்டா, அதாவது வருமானம் கூடுமா என்று நேராகவே கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். உங்களுக்கு கிரெப் தெரியும் என்பதற்காக எந்தப் பதிப்பகமும் பக்கக் கூலியை ஏற்றித் தராது. அவர்களுக்குத் தெரிவது பக்கம்தான். அதே கூலிக்குச் செலவாகும் நேரம் குறையும், முதல் லாபம் அது. இரண்டாவது லாபம் மெதுவாக வரும், ஆனால் பெரியது. உங்களைக் கூப்பிடும் வேலை மாறும். நாவலும் கட்டுரைத் தொகுப்பும் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அடிக்குறிப்பும் அட்டவணையும் சொல்லடைவும் உள்ள நூல் என்றால் ஆள் குறைவு. அங்கே கூலியைப் பற்றி நீங்கள் பேசலாம், அவர்கள் கேட்பார்கள்.

மின்னூல் இன்னொரு வாசல். 2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகள் வந்தபோது, பழைய நூல்களை மின்னூலாக்க எனக்குத் தெரிந்த பதிப்பகங்கள் ஆள் தேடின. ஈபப் என்ற மின்னூல் கோப்பு வடிவம் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு ஈபப் கோப்பின் வால்பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது வலைப்பக்கங்களும் ஒரு ஸ்டைல் ஷீட்டும்தான். நான் அப்படிப் பிரித்துப் போட்டுத்தான் கற்றேன், சைக்கிளைக் கழற்றி மாட்டுவது போல. அப்போது ஒரு பழைய பாவமும் வெளியே வந்தது. தலைப்பு வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்கி போல்டு போடுவது என் வழக்கம். அச்சில் அது தலைப்பாகத் தெரியும். மின்னூலுக்கு அது வெறும் பெரிய எழுத்து, அதனால் பொருளடக்கம் காலியாக வந்தது. பாராகிராஃப் ஸ்டைல் (தலைப்பு, பத்தி என்று பெயரிட்டுச் சேமித்து வைக்கும் வடிவம்) போட்டுச் செய்த நூல் என்றால் ஏற்றுமதி செய்ததும் தலைப்புகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். உங்கள் ஃபைல்களில் ஸ்டைல் இல்லாமல் கையால் செய்த தலைப்புகள் இருந்தால், எல்லாவற்றுக்கும் முன் அதை நிறுத்துங்கள்.

பயிற்சிக்கு யாருடைய நூலை எடுப்பது என்று தயங்க வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் நிறைய இருக்கின்றன. நாற்பது பக்கம் வரும் ஒன்றை எடுத்து, அச்சுக்கு ஒரு பிடிஎஃப், கூடவே ஒரு ஈபப் என்று முழுதாக முடியுங்கள். செய்யுள் நூலாக இருந்தால் இன்னும் நல்லது. சீர் பிரிந்த வரிகளை நெரிசலில்லாமல் ஒரு பக்கத்தில் நிறுத்துவதைப் போலக் கண்ணைப் பழக்கும் பயிற்சி வேறில்லை. முடித்ததை, வேலை கேட்கும்போது மாதிரியாக அனுப்பலாம்.

ஏஐ பற்றியும் ஒரு வார்த்தை. கிரெப் கோவை (தேடும் விதி) எழுதவும், இண்டிசைனுக்குச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதவும் நான் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துகிறேன். முன்பு ஒரு வாரம் தேடியது இப்போது ஒரு மணி நேரத்தில் கிடைக்கிறது. ஆனால் அது தரும் கோவையை முதலில் நகல் ஃபைலில் ஓட்டிப் பார்ப்பேன், ஒவ்வொரு குறியும் என்ன செய்கிறது என்று அதனிடமே விளக்கம் கேட்பேன். ஆங்கில எழுத்தை மனதில் வைத்து எழுதிய கோவை, தமிழில் மெய்யின் புள்ளியைத் தனி எழுத்தாக எண்ணி வெட்டிவிடும். 300 பக்க நூலில் அப்படி நடந்தால் கண்டுபிடிப்பதற்குள் அச்சாகிவிடும்.

தொழிலுக்கு வெளியே ஒன்று. கணக்கு வழக்கையும் நீங்களேதான் கற்க வேண்டும். பதிப்பகம் டிடிஎஸ் (கூலியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் காட்டி, வரி அவ்வளவு இல்லை என்றால் திரும்ப வாங்கலாம் என்பதே எனக்கு நான்கு ஆண்டுகள் தெரியாது. அந்தப் பணம் போனதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும், இதைக் கற்றுவிடலாம்.

சரி, எந்தப் பயிற்சிக்குமே பணம் கட்டக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஆறு மாதக் கோர்ஸ் நடத்துபவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "நான் செய்த ஃபைலைத் திறந்து பார்த்துத் திருத்தப்போவது யார், எத்தனை முறை?" ஓர் ஆளின் பெயரைச் சொல்லி, வாரம் ஒருமுறை என்று பதில் வந்தால், அவர் செய்த புத்தகங்கள் இரண்டை வாங்கிப் பாருங்கள். பக்கங்கள் உங்களுக்குப் பிடித்திருந்தால் தயங்காமல் சேருங்கள், 38,000 அதற்குத் தகும். பதிவு செய்த வீடியோக்களும் வாட்ஸ்ஆப் குழுவும் உண்டு என்று மட்டும் சொன்னால், அது உங்களுடைய பத்தாவது கோர்ஸ்.

வாங்கி வைத்திருக்கும் ஒன்பதில் கிரெப், பாராகிராஃப் ஸ்டைல், ஈபப் மூன்றில் எதைப் பற்றியாவது ஏதேனும் ஒன்று இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் முதலிலிருந்து பார்க்க வேண்டாம். இப்போது கையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்து, எந்த இடத்தில் ஒரே வேலையை இருபது தடவைக்கு மேல் செய்கிறீர்கள் என்று பாருங்கள். அதற்கான பாடம் எந்த எண்ணில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய் உட்காருங்கள்.